சுட்டியின் உருவமும் செயற்புள்ளியும்

கணிப்பொறித் திரையில் மவுசின் அசைவுக்கேற்ப நகரும் அடையாளம் சுட்டி எனப்படும். அது ஒரு சிறு புள்ளிப்படமேயாகும். 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆல்ட்டோ என்னும் கணிப்பொறியில் அது 16 வரிசைகளில் வரிசைக்கு 16 ஆக, 256 புள்ளிகளைக் கொண்டிருந்தது.

வேலைக்கேற்ற உருவத்தைச் சுட்டிக்கு அளிப்பது எவ்வாறு என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பூகம்பத்தால் தென் அந்தமானில் நிலம் தாழ்ந்தது; தாழ்வான வயல்களில் கடல்நீர் புகுந்தது. அத்தீவிலுள்ள சௌல்தாரியின் வரைபடத்தைத் திரையில் இட்டு, ஒரு வயலின் எல்லையை ஊழியர் ஒருவர் குறிப்பதாகக் கொள்வோம். வழக்கமான அம்புக்குறி எல்லைக்கோட்டை மறைத்துவிடும். மெல்லிய சிலுவைக்குறியே இதற்கு ஏற்றது.

1984-இல் தோன்றிய எக்ஸ் சாளர முறையில் இதற்கு ஒரே அளவான இரு புள்ளிப்படங்கள் தேவை. அளவு 32க்கு 32 எனில், ஒவ்வொன்றிலும் 1,024 புள்ளிகள் இருக்கும். முதலாவது உருவப்படம்; இரண்டாவது மறைப்புப்படம். இவற்றின் விதி பின்வருமாறு:

1. மறைப்புப்படத்தில் 0 உள்ள இடத்தில் சுட்டி தோன்றாது. அடியிலுள்ள வரைபடமே தெரியும்.
2. மறைப்புப்படத்தில் 1, உருவப்படத்தில் 1 எனில் முன்னிறம் தோன்றும்.
3. மறைப்புப்படத்தில் 1, உருவப்படத்தில் 0 எனில் பின்னிறம் தோன்றும்.

மறைப்புப்படத்தின் சிலுவையை எல்லாப் பக்கங்களிலும் ஒரு புள்ளி அகலமாக்கினால், கருஞ்சிலுவையைச் சுற்றி வெண்கரை அமையும். காடுகளைக் குறிக்கும் கரும்பச்சை நிறத்தின் மீதும் அது தெளிவாகப் புலப்படும்.

இனி முக்கியமான விஷயம். மவுசை அழுத்தும்போது கணிப்பொறி படம் முழுவதையும் கருதுவதில்லை. செயற்புள்ளி என்னும் ஒரே புள்ளியின் இடத்தையே பதிவு செய்கிறது. அதன் இருப்பிடம் இடமேல் மூலையை 0, 0 எனக் கொண்டு எண்ணப்படும். சிலுவையின் கோடுகள் 15, 15 என்னுமிடத்தில் சந்தித்தால், செயற்புள்ளியையும் அங்கேயே அமைத்தல் வேண்டும்.

அதனை மறதியால் 0, 0 என விட்டுவிட்டால் விளைவு யாது? அங்குலத்திற்கு 96 புள்ளிகள் கொண்ட திரையில் 15 புள்ளிகள் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் ஆகும். 1:50,000 அளவில் காட்டப்படும் வரைபடத்தில் அது 200 மீட்டருக்குச் சமம். வடக்கு மேலாக வரையப்பட்ட படத்தில், குறித்த எல்லை மேற்கே 200 மீட்டரும் வடக்கே 200 மீட்டரும் விலகிப் பதிவாகும். சிலுவையோ கண்ணுக்குச் சரியான இடத்திலேயே நிற்கும். ஆதலின் பிழை எளிதில் புலனாகாது.

இதனை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதில் விளக்கலாம். கட்டமிட்ட தாளில் சிலுவையை வரைந்து வெட்டியெடுத்து, அதன் மையத்தில் குண்டூசியைச் செருகி வரைபடத்தின் மீது நகர்த்துக. பின்னர் ஊசியை ஓர் ஓரத்திற்கு மாற்றி அவ்வாறே செய்க. ஊசி குத்திய இடமே பதிவான இடம் என்பதை மாணவர் உணர்வர். களப்பணியாளரும் புதிய சுட்டியைப் பயன்படுத்துமுன், இருப்பிடம் தெரிந்த ஓரிடத்தில் அழுத்திச் சரிபார்த்துக்கொள்வது நலம்.