14ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவே ஒரு ஃப்ரீலான்ஸ் தொழில்

இப்போது எந்தத் திறமைக்குக் கிராக்கி என்று தேடினால் வரும் பட்டியலை உங்களைப் போலவே ஊரெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறது. அதை மூடிவிட்டு, உங்களுக்குப் பழக்கமான தொழிலில் மாதாமாதம் ஒரே தேதியில் யாருக்குத் தலைவலி வருகிறது என்று பாருங்கள். ஓரளவு டாலி தெரிந்த, சொந்தமாக வேலை பிடிக்க நினைக்கும் ஒருவரை வைத்தே இதைச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி நூல், சாயம், பிரிண்டிங், அட்டைப்பெட்டி என்று பல இடங்களில் பில் வாங்குகிறது. அவற்றில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ள, 2022 ஜனவரியிலிருந்து அந்த பில்கள் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் இருந்தாக வேண்டும். அறிக்கை 14ஆம் தேதி வரும். மாதாந்திரக் கணக்குக் கொடுப்பவர் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னை 20க்குள் போட வேண்டும். அந்த ஆறு நாளில் யாரோ ஒருவர் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் 2பி-யையும் பில் பில்லாக ஒத்துப் பார்த்தாக வேண்டும். தப்பாக எடுத்துப் பயன்படுத்திய வரி வரவுக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி உண்டு.

கற்கத் தொடங்குமுன் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ்களில் கேளுங்கள். “இதைக் கற்றால் வேலை கிடைக்குமா சார்?” என்று கேட்டால் மரியாதைக்கு “கிடைக்கும்ப்பா” என்பார்கள். “14க்கு அப்புறம் யார் உட்கார்ந்து டிக் போடறாங்க, ராத்திரி எத்தனை மணி ஆகுது?” என்று கேளுங்கள். ஏற்கெனவே அதற்குச் சம்பளமோ ஓவர்டைமோ போகிறது என்றால் மேலே போகலாம்.

எக்செல் முழுவதையும் கற்க வேண்டாம். அதில் உள்ள பவர் குவெரி என்ற வசதி போதும். எக்செல் 2016 முதல் ‘டேட்டா’ பகுதிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் உள்ளே இழுத்து, வேண்டாத தலைப்பு வரிகளை நீக்கி, மெர்ஜ் செய்யப் பழகுங்கள். ரிஜிஸ்டரை முதலில் வைத்து, மெர்ஜ் வகையாக லெஃப்ட் ஆன்ட்டி கொடுத்தால் சப்ளையர் இன்னும் காட்டாத பில்கள் வரும். ரைட் ஆன்ட்டி கொடுத்தால் நம் கணக்கில் ஏறாதவை வரும்.

சிக்கலே பில் நம்பரில்தான். சப்ளையர் ‘ஏபி/0045/24-25’ என்று போட்டிருப்பார். நம் கணக்கர் ‘45’ என்று ஏற்றியிருப்பார். முன்னெழுத்து, சாய்கோடு, ஆண்டு, முன்னால் நிற்கும் பூஜ்யங்கள் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு, சப்ளையரின் ஜிஎஸ்டி பதிவு எண்ணான ஜிஎஸ்டின்னோடு பில் எண்ணைச் சேர்த்து ஒப்பிடுங்கள். அதிலும் சிக்காதவற்றை ஜிஎஸ்டின்னும் வரித்தொகையுமாக இன்னொரு முறை சலிக்கலாம். ஜிஎஸ்டின்னின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான். ஒரே சப்ளையருக்கு இரண்டு மாநிலத்தில் பதிவு இருந்து, பில் வேறு எண்ணில் ஏறியிருந்தால், பான் பகுதியை மட்டும் ஒப்பிடும்போது மாட்டும். கிரெடிட் நோட்டுகளைத் தனியே பாருங்கள். பொதுவான எக்செல் வகுப்பில் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை. காசு என்னவோ இதற்குத்தான்.

பழக, நீங்களே முந்நூறு வரியில் ஒரு போலி ரிஜிஸ்டர் தயாரித்து, அதில் இருபது தப்புகளை ஒளித்து வையுங்கள். இருபதும் சிக்கிய பிறகு, ஒரு ஆபீஸில் பெயர்களை நீக்கிய பழைய மாதக் கோப்பைக் கேட்டு வாங்கி, அவர்கள் கண்டுபிடித்ததோடு உங்கள் விடையை ஒத்துப் பாருங்கள்.

வேலை வந்ததும் போர்ட்டல் பாஸ்வேர்டை வாங்காதீர்கள். 2பி-யை எக்செல்லாக அவர்களே இறக்கித் தரட்டும். ரிட்டர்ன் போடுவதும் ஆடிட்டர் பாடு. நீங்கள் தருவது மூன்று ஷீட்: பொருந்தியவை, சப்ளையருக்குப் போன் போட வேண்டியவை, கணக்கில் ஏற்ற வேண்டியவை. முதலாளி இரண்டாவதை மட்டும்தான் பார்ப்பார். அதைத் தொகை வாரியாக அடுக்கி, போன் நம்பரும் சேர்த்துக் கொடுங்கள்.

மணிக்கணக்கில் கூலி பேசினால் நஷ்டம் உங்களுக்குத்தான். குவெரி ஒருமுறை அமைந்துவிட்டால் அடுத்த மாதம் ரிஃப்ரெஷ் அழுத்தியதுமே பாதி வேலை முடிந்துவிடும். பில்களின் எண்ணிக்கையை வைத்து மாதத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஐஎம்எஸ் (இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) வந்து, பில்லை ஏற்பதா, நிராகரிப்பதா, நிலுவையில் வைப்பதா என்று வாங்குபவரே குறிக்கும் வசதி சேர்ந்தது. பழைய கோப்பில் அதற்கும் ஒரு நெடுவரிசை போட வேண்டியதாயிற்று. அடுத்து எதைக் கற்பது என்று குழம்பினால், 21ஆம் தேதி காலையில் அதே ஆபீஸுக்குப் போன் செய்து, இந்த மாதம் இன்னும் எதைக் கையால் செய்தீர்கள் என்று விசாரியுங்கள்.