டப்பாவாலாவின் ரயில்

மும்பையில் டப்பாவாலா என்று ஒரு தொழிலாளி உண்டு. டிபன் கேரியர்தான் அங்கே டப்பா. வீட்டில் சமைத்த மதியச் சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. 1890-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய தொழில் இது. இதைச் செய்பவர்களில் பலர் அதிகம் படிக்காதவர்கள்.

பகல் 1 மணிக்குள் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். பிறகு வந்தால் யாருக்கு வேண்டும்? அதனால் டப்பாவாலா கணக்கைக் கடைசியிலிருந்து போடுகிறார். 1 மணிக்குள் கொடுக்க எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்? அந்த ரயிலுக்கு எத்தனை மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும்? அப்படியானால் முதல் வீட்டுக் கதவை எப்போது தட்ட வேண்டும்?

ஒருவர் சுமார் 30 வீடுகளுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் குழம்பு இன்னும் கொதிக்கிறது.

“அண்ணா, ஐந்து நிமிடம் பொறுங்கள்” என்கிறார் அந்த வீட்டு அம்மா.

“ரயில் பொறுக்காதே, அம்மா” என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை மிதிக்கிறார்.

கொஞ்சம் கடுமைதான். ஆனால் அந்த ஒரு வீட்டுக்காக நின்றால், மற்ற 29 பேரும் பசியோடு காத்திருப்பார்கள்.

ரயில் நிலையத்தில் அடுத்த வேலை. டப்பாக்களைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு மூடியிலும் வண்ணம், எழுத்து, எண் ஆகிய அடையாளங்கள் இருக்கும். எந்த நிலையத்தில் இறக்குவது, எந்தக் கட்டிடம், எத்தனையாவது மாடி என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். முழு முகவரி எழுதினால் படிக்கவே நேரம் போய்விடும். ஒரே நிலையத்துக்குப் போகும் டப்பாக்களை ஒரே மரத்தட்டில் அடுக்குகிறார்கள். ஒரு தட்டில் சுமார் 40 டப்பாக்கள். வழியில் உள்ள நிலையங்களில் ரயில் அரை நிமிடம் போலத்தான் நிற்கும். ரயில் வந்த பிறகு தேடினால் நடக்குமா? அதனால் பிரிக்கும் வேலை முன்பே முடிந்துவிடும்.

2003-இல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் இவர்களைப் பார்க்க வந்தார். இன்று அவர் அந்நாட்டு அரசர். வேலை நேரத்தை விட்டுவிட்டு இவர்கள் அவரிடம் போகவில்லை. அவர்தான் சர்ச்கேட் ரயில் நிலையத்துக்கு வந்து, இவர்களுக்கு ஒழிந்த நேரத்தில் பேசிவிட்டுப் போனார்.

2020-இல் கொரோனா ஊரடங்கின்போது இந்த வேலையே நின்றுபோனது. பலர் கிராமத்துக்குத் திரும்பினார்கள். பிறகு வேலை மீண்டும் தொடங்கியது. ஆனால் ஆட்கள் முன்பைவிடக் குறைவு.

கடைசி டப்பாவைக் கொடுத்த பிறகுதான் டப்பாவாலாக்கள் தங்கள் சாப்பாட்டைப் பிரிக்கிறார்கள். சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும். காலி டப்பாக்கள் மாலைக்குள் அந்தந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டுமே!