வானத்திலிருந்து வந்த பெட்டி

விடியற்காலை. வயலில் ஒரு பெட்டி கிடக்கிறது. பக்கத்தில் பெரிய குடைபோல வண்ணத் துணி. வெடிகுண்டா? பேய் வேலையா? பயந்து ஓட வேண்டாம்.

ஐதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் இருக்கிறது. அங்கே விஞ்ஞானிகள் மிகப் பெரிய பலூன்களைப் பறக்கவிடுகிறார்கள். பலூன் மெல்லிய பாலிதீன் தாளால் ஆனது. அதற்குள் ஹைட்ரஜன் வாயுவை நிரப்புகிறார்கள். அந்த வாயு காற்றைவிட லேசானது. அதனால் பலூன் மேலே போகிறது. 30 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும்!

பலூனில் கருவிப் பெட்டி தொங்கும். கருவிகள் மேல்வானத்தை ஆராயும். வேலை முடிந்ததும் பெட்டியைப் பலூனிலிருந்து பிரித்துவிடுவார்கள். அது பாராசூட்டில் மெல்ல இறங்கும். காற்று அடிக்கும் பக்கம் பலூன் போகும். அதனால் பெட்டி கர்நாடகத்திலோ மகாராஷ்டிரத்திலோகூட விழலாம்.

பெட்டியைக் கண்டால் என்ன செய்யலாம்?

தொடாதீர்கள். சில கருவிகளில் மின்சாரம் இருக்கும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பிரித்துப் போட்டால் பலருடைய உழைப்பு வீணாகும்.

பெட்டிமேல் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். தள்ளி நின்று படியுங்கள். உடனே போன் செய்யுங்கள். காவல் நிலையத்திலும் சொல்லலாம். ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். தகவல் தந்தவருக்குச் சன்மானமும் உண்டு.

படிக்கத் தெரிந்த ஒருவர் போதும். பெட்டி பத்திரமாக வீடு திரும்பும்.

பதில் எழுதுங்கள்:
1. பலூன் ஏன் மேலே போகிறது?
2. பெட்டியை ஏன் தொடக் கூடாது?