காரங்காட்டில் தொடங்கு

அன்புள்ள செல்விக்கு,

பழைய கேமராவை அகச்சிவப்புப் படத்துக்கு மாற்றி, தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தை எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். மாற்றலாம். ஆனால் முதல் படத்துக்குக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போ.

நம் கண் சுமார் 700 நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது. கேமராவின் சிலிக்கான் சென்சாரோ 1,100 வரை உணரும். அந்த மிச்ச ஒளி, அதாவது அகச்சிவப்பு, நிறங்களைக் கெடுத்துவிடும் என்பதால் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை விடும் கண்ணாடியைப் பொருத்துவதுதான் இந்த மாற்றம். தடிமன் பொருந்தாவிட்டால் ஃபோகஸ் தவறும். சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்கும் மிரர்லெஸ் கேமரா என்றால் அந்தத் தொல்லை குறைவு.

நீயே பிரிக்காதே. பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஃபிளாஷின் கெபாசிட்டரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். அதோடு, உங்கள் வீட்டுக்குள் வரும் கடல்காற்றில் உப்பும் பொடிமணலும் உண்டு. சென்சாரில் ஒரு துகள் ஒட்டினாலும் எல்லாப் படத்திலும் கறையாக விழும். கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடு.

இனி காரங்காடு ஏன் என்று சொல்கிறேன். பச்சை இலை சிவப்பையும் நீலத்தையும் உணவு தயாரிக்க எடுத்துக்கொள்கிறது. அகச்சிவப்பில் ஏறக்குறைய பாதியை அப்படியே திருப்பி வீசிவிடுகிறது. தண்ணீர் அதை விழுங்கிவிடும். அதனால் கரிய நீர்மேல் வெள்ளைவெளேரென்று காடு நிற்கும். தேவாலயச் சுவரில் இலையும் இல்லை, நீரும் இல்லை. வானம் கறுக்கும், அவ்வளவுதான். அந்தப் படத்தைச் சாதாரண கேமராவிலேயே எடுத்துவிடலாம்.

இலையின் இந்தக் குணத்தை நம்பித்தான் 1970இல் விஞ்ஞானி பி.ஆர். பிஷாரடி குழுவினர் கேரளத் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் வாடல் நோயைத் தேடினார்கள். இந்தியாவின் தொலையுணர்வுத் துறை அங்கேதான் முளைத்தது. நோயுற்ற இலை அகச்சிவப்பை முன்போல வீசாது. 1988இல் ஏவிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளிலும் இந்த ஒளிக்கென்று ஒரு பட்டை இருந்தது. நம் கரையோரக் காடுகளின் பரப்பை விண்ணிலிருந்து அளப்பதும் இதே ஒளியை வைத்துத்தான். உன் கையிலிருக்கப்போவது அந்தக் கண்ணின் சின்ன வடிவம். அதை வெறும் விந்தைக்காகப் பயன்படுத்தாதே என்பதுதான் என் ஆசை.

காரங்காட்டில் உச்சி வெயிலிலேயே படகு ஏறு; மற்ற படங்களுக்கு ஆகாத அந்த வெயில் இதற்கு நன்றாக உதவும். வெண்சமநிலையை இலைக் கூட்டத்தைக் காட்டி அமைத்துக்கொள்.

என்ன லென்ஸ் வைத்திருக்கிறாய் என்று எழுது. சில லென்ஸ்களில் அகச்சிவப்பின்போது படத்தின் நடுவே வெளிறிய வட்டம் விழும். அபெர்ச்சரைச் சிறிதாக்க ஆக்க அது இன்னும் எடுப்பாகத் தெரியும். மெக்கானிக்கிடம் கொடுக்குமுன் அதைப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மாமா