பழைய ஜீப்பு வண்டிக்கு ஏற்ற டயர்களைத் தெரிந்தெடுத்தல்

தோட்டக்கால்களுக்கும் மானாவாரிப் புன்செய்களுக்கும் போய்வரும் விவசாயிகளில் அநேகர் பழைய ஜீப்பு வண்டிகளை இன்றும் பழுதுபார்த்துக் காப்பாற்றி வருகின்றனர். 1941 முதல் 1945 வரை யுத்த காலத்தில் அமெரிக்காவிற் செய்யப்பெற்ற வில்லிஸ் வண்டியே இவற்றிற்கு மூலம். 1940-களின் பிற்பகுதியில் பம்பாயில் மஹிந்திரா கம்பெனியார் அவ்வண்டிகளைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கினர். அவ்வமிசத்து வண்டிகளே இன்று நம் கிராமங்களில் விதை மூட்டையும் எருவும் பம்பு சாமான்களும் சுமக்கின்றன. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் வலுவைச் செலுத்தத்தக்க இவ்வண்டிக்குப் புது டயர் வாங்கும் சமயத்தில், கடைக்காரர் சொல்வதையோ அயலார் வண்டியின் அழகையோ பார்த்து முடிவு செய்வோர் பலர். அதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசற் கிராமம் ஒன்றில் யான் தங்கியிருந்தபோது, பருத்திக்காட்டில் ஒரு கூலியாளைப் பாம்பு தீண்டிவிட்டது. நிலக்காரரிடம் ஜீப்பு இருந்தது. அதற்கு அகன்ற புது டயர்கள் அவ்வாண்டுதான் போடப்பட்டிருந்தன. தார் ரோட்டை அடைய இரண்டு மைல் மண்பாதை. அரை மைல் போவதற்குள் டயரின் நெருங்கிய வெட்டுக்களில் கரிசல் அப்பிக்கொண்டு, நான்கு சக்கரங்களும் வழவழப்பான உருளைகள் ஆயின. அகலம் மிகுதியானபடியால் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையிலும் சேறு இறுகிச் சக்கரம் சுழல மறுத்தது. பின்பு ஒரு டிராக்டரைக் கொணர்ந்து இழுக்க ஒன்றரை மணி நேரம் கழிந்தது. அம்மனிதர் பிழைத்தது தெய்வச் செயல். டயர்களோ விலையுயர்ந்தவை; குற்றமற்றவை; அந்த மண்ணுக்கு உரியவை அல்ல என்பதே குறை.

1. எண்களைப் படித்தறிதல்

பழைய ஜீப்புகளிற் பெரும்பாலும் காணப்படும் அளவு 6.00-16 என்பது. இதில் முன்னது டயரின் அகலம் 6 அங்குலம் என்பதையும், பின்னது ரிம்மின் விட்டம் 16 அங்குலம் என்பதையும் குறிக்கும். டயரின் முழு உயரம் ஏறக்குறைய 29 அங்குலம் ஆகும்.

புதுவகை டயர்களில் 215/75 ஆர் 16 என்பது போல் எழுதியிருக்கும். 215 என்பது மில்லிமீட்டர்க் கணக்கில் அகலம். 75 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. ஆர் என்பது ரேடியல் வகை. 16 என்பது ரிம்மின் அங்குலம். 215-இல் நூற்றுக்கு 75 பங்கு 161 மி.மீ.; மேலும் கீழுமாக இருமடங்கு 322; ரிம் 406; ஆக 728 மி.மீ., அதாவது 29 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. எனவே உயரத்தில் இது பழைய 6.00-16-க்கு ஒத்தது.

ஆயினும் உயரம் ஒத்தால் மாத்திரம் போதாது. பழைய வில்லிஸ் ரிம்மின் அகலம் நாலரை அங்குலமே. 215 அளவுள்ள டயருக்கு ஐந்தரை அங்குலத்திற்குக் குறையாத ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் அதன் முகம் நடுவே புடைத்து, நடு மாத்திரம் தேய்ந்துபோகும். ஆகையால் ரிம்மை அளந்து பார்த்த பின்னரே டயரை விலைபேசுதல் வேண்டும்.

அதே வரியில் இறுதியாகக் காணும் எண் பாரத்தைக் குறிப்பது. 100 எனில் டயர் ஒன்று 800 கிலோவும், 104 எனில் 900 கிலோவும் தாங்கும். மூட்டைகளை ஏற்றிய நிலையில் பின்சக்கரங்களை மாத்திரம் எடைமேடையில் நிறுத்தி நிறுத்துப் பார்த்து, அதிற் பாதி இவ்வெண்ணுக்குரிய பாரத்தினும் நன்கு குறைந்திருக்கின்றதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

2. உயரத்தைக் கூட்டுதலால் வரும் தீங்கு

பார்வைக்கு வீறாக இருக்குமென்று 31 அங்குல டயர் போடுவோர் உளர். உயரம் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடுவதால், மானி 50 என்று காட்டும்போது வண்டி 54 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கியரின் இழுவை அந்த அளவுக்குக் குறையும். பழைய டிரம் பிரேக்குகள் வண்டியை நிறுத்த அதிகம் வருந்தும். சக்கரத்தை முழுதும் திருப்பும்போது டயர் விற்பட்டையில் உரசும். மேலும், பதிவுப் பத்திரத்திற் கண்ட விவரங்கள் தயாரித்தவர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுதலை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது. ஆகவே வண்டிக்கு முதலில் அமைந்த உயரத்தையே காப்பது உத்தமம்.

3. குறுக்கிழை டயரும் ரேடியல் டயரும்

பழைய வகையில் இழைகள் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு அமைந்திருக்கும். பக்கச் சுவர் தடித்தது. கல்லையும் கட்டையையும் தாங்கும். ஆயின் தார் ரோட்டில் சூடேறும், விரைவில் தேயும். ரேடியலில் இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு நேராகச் செல்ல, முகத்தின் அடியில் வேறு பட்டைகள் இறுக்கியிருக்கும். இது நிலத்தை நன்கு பற்றும், சூடு குறைவு, ஆயுள் அதிகம். ஆயின் இதன் பக்கச் சுவர் மெல்லியது. வேலியோரத்துச் சீமைக்கருவேல் முள்ளும் வெட்டிய கட்டையும் அங்கே பாய்ந்தால் அதனைச் செப்பனிட வழியில்லை.

இருவகையையும் ஒரே வண்டியிற் கலத்தல் ஒருபோதும் கூடாது. ரேடியலுக்குள் டியூப் போடுவதாயின் ரேடியலுக்கு உரியதென்று குறித்த டியூபையே போடவேண்டும். பழைய ரிம்களில் டயரின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் மேடு இராமையால், டியூப் இன்றி ஓட்டுதல் அபாயமாகும்.

4. மண்ணுக்கு ஏற்ற முகம்

டயரின் முகத்திலுள்ள கட்டைகளைப் பொதுவழக்கிற் பட்டன் என்பர். ரோட்டு டயரிற் பட்டன்கள் நெருங்கி ஆழமின்றியும், சேற்று டயரில் பெரியனவாய் விலகி ஆழ்ந்தும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே எல்லாத் தரைக்கும் உரியதென விற்கப்படும் டயர்.

செம்மண், சரளை, பாறை கலந்த நிலங்களுக்கும், பத்தில் ஏழெட்டுப் பங்கு தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கும் இவ்விடைப்பட்ட வகையே ஏற்றது. தேரி மணலில் ஆழ்ந்த பட்டன் மணலைத் தோண்டிச் சக்கரத்தைப் புதைக்கும். அங்கும் இவ்வகையே நன்று. கரிசலில் மழைக்காலத்தும் போய்த் தீரவேண்டியவர், பட்டன்கள் விலகியிருப்பதும் சேற்றைத் தானே உதறுவதுமான குறுகிய டயரைக் கொள்வாராக. மேலே மெல்லிய சேறும் அடியிற் கெட்டித் தரையுமுள்ள நஞ்சைப் பாதையிலும் குறுகிய டயர் சேற்றைப் பிளந்து அடித்தரையைப் பற்றும். ஆயினும் நனைந்த வயலுக்குள் எவ்வகை டயரோடும் வண்டியை இறக்கலாகாது. மண் இறுகிப் பயிரின் வேர் தடைப்படும்.

5. நான்கும் ஒத்திருத்தல்

இது யாவற்றினும் முக்கியமானது. இவ்வண்டிகளில் நான்கு சக்கர இழுவையைப் பூட்டியவுடன் முன்னிருசும் பின்னிருசும் ஒரே கதியிற் சுழலும்படி பிணைக்கப்படுகின்றன. முன்னே 10 மி.மீ. ஆழமுள்ள புது டயரும், பின்னே 3 மி.மீ.க்குத் தேய்ந்த டயரும் இருப்பின், விட்டத்தில் 14 மி.மீ. வேறுபாடு உண்டாம். கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 19 மீட்டர் இரண்டும் முரணும். சேற்றில் டயர் வழுக்கி அம்முரணைத் தீர்த்துவிடும். உலர்ந்த தார் ரோட்டிலோ அது கியர்ப்பெட்டியையே முறுக்கும். இரண்டு டயரில் மிச்சம் பிடித்தவர் கியர்ப்பெட்டிக்கு அதனினும் பன்மடங்கு செலவழிக்க நேரும். ஆதலால் ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் ஒரே வகையாக வாங்கி, 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முறைமாற்றிப் போடுக. வரண்ட தார் ரோட்டில் முன்னிழுவையைப் பூட்டாதிருக்க.

6. காற்றும் வயதும்

மணலிலும் சேற்றிலும் காற்றைச் சிறிது குறைத்தால் டயர் நீண்டு படிந்து தரையைப் பற்றும். டியூப் உள்ள டயரில் மிகக் குறைத்தால், டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். வால்வு சாய்ந்து நிற்பது அதற்கு அறிகுறி. தார் ரோட்டை அடைந்ததும் தயாரித்தவர் குறித்த அளவுக்குக் காற்றை மறுபடி நிரப்பவேண்டும்.

பண்ணை வண்டி குறைவாக ஓடுவதால், அதன் டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைகின்றது. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் காணும். 2319 எனில் 2019-ஆம் வருஷத்து 23-ஆம் வாரத்திற் செய்தது. பத்து வருஷம் கடந்த டயர், பட்டன் முழுதும் இருப்பினும் நம்பத்தக்கதன்று. மலிவாகக் கிடைக்கும் பழைய டயரை வாங்குமுன் இவ்விலக்கத்தையும், பக்கச் சுவரின் வெடிப்பையும் பார்க்கத் தவறலாகாது. வெட்டுக்களின் அடியிலுள்ள சிறு மேடுகள் 1.6 மி.மீ. ஆழத்தைக் காட்டுவன, பட்டன் அவற்றோடு சமமானால் டயரை மாற்றவேண்டும்.

முடிவாக, முதலில் தன் மண்ணையும், இரண்டாவது தன் ரிம்மையும், மூன்றாவது தன் பாரத்தையும் அறிந்து, அதன் பின்னரே கடைக்குச் செல்லுதல் விவேகமாகும். வண்டி வைத்திருப்போர் ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள் மாலையில் ஐந்து டயர்களையும் மேற்கண்டவாறு சோதித்துவிடுதல் நலம். மழை நாளில் ஓர் உயிரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் வேளை, டயரைப் பற்றி ஆராய்வதற்கு உரிய வேளை அன்று. கிராம அதிகாரிகளும் இதனைத் தம் ஊரிலுள்ளாருக்கு எடுத்துரைப்பாராயின் பெரிதும் உபகாரமாயிருக்கும்.