ஒரு மாத்திரையின் அரை ஆயுட்காலம்

கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் என்ற ஒன்றைப் படித்திருப்பீர்கள். ஒரு கதிரியக்கப் பொருளிலுள்ள அணுக்களில் பாதி சிதைந்து முடிய ஆகும் காலம் அது. அயோடின்-131க்கு அது 8 நாள். ரேடியத்துக்கு ஏறத்தாழ 1600 ஆண்டு. தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கித் தருவதோடு இதன் வேலை தீர்ந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இதய நோய்க்காக உங்கள் பாட்டி காலையில் விழுங்கும் ஒரு சிறு மாத்திரைக்கும் அரை ஆயுட்காலம் உண்டு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அம்மாத்திரையைப் பற்றி மருத்துவர் ஏன் அவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறார் என்பது விளங்கிவிடும்.

மருந்தின் பெயர் டிஜாக்சின். லானாக்சின் என்ற வணிகப் பெயரிலும் விற்கப்படுகிறது. ஒரு மாத்திரையில் உள்ள மருந்து 0.25 மில்லிகிராம், சிலருக்கு அதிலும் பாதி, 0.125 மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் மாத்திரைக்கு உருவம் கொடுப்பதற்காகச் சேர்த்த மாவு போன்ற பொருள்களே. ஒரு கிராம் டிஜாக்சினைக் கொண்டு 4000 மாத்திரை செய்துவிடலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இத்தகைய மருந்தில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப் போனால் உயிருக்கே ஆபத்து.

இம்மருந்தின் வரலாறு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் தொடங்குகிறது. கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கும் நோயாளிகளுக்கு அங்கே ஒரு மூதாட்டி பச்சிலைக் கஷாயம் கொடுத்து வந்தார். கைதேர்ந்த மருத்துவர்கள் கைவிட்ட சிலரும் அதனால் பிழைத்தனர். 1775ஆம் ஆண்டில் அந்தக் கஷாயத்தைப் பற்றி வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் கருத்துக் கேட்டனர். அதில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. விதரிங் தாவரவியலிலும் வல்லவர். ஆகவே, வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலைதான் என்று அவரால் கண்டுகொள்ள முடிந்தது. விரல்களில் மாட்டிக்கொள்ளலாம் போல் பூக்கும் செடி அது. அதன் தாவரவியல் பெயரான டிஜிடாலிஸ் என்பதும் விரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே.

மூலிகையைக் கண்டுபிடித்ததைவிட அதன் பின்னர் அவர் செய்ததே பெரிய காரியம் என்பது என் கருத்து. அடுத்த பத்து ஆண்டுகள் அவர் அளவைத் தேடினார். இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்று கண்டு, பூக்கும் பருவத்தில் பறிக்க வேண்டும் என்றார். காய வைத்துப் பொடி செய்து நிறுத்துக் கொடுத்தார். குணமானவர், குணமாகாதவர் என்று ஒளிக்காமல் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை 1785இல் நூலாக வெளியிட்டார். அளவு மிஞ்சினால் குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், பொருள்கள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிதல், நாடி நிமிடத்துக்கு 35 வரை இறங்குதல் ஆகியவை நேரும் என்று அன்றே எழுதிவிட்டார். 1930இல் சிட்னி ஸ்மித் என்ற வேதியியலார் இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியிலிருந்து டிஜாக்சினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தார். அதன் பிறகு இலையின் வீரியம் என்ற தொல்லை நீங்கியது. நம் ஊர் வேலிகளில் பூக்கும் அரளியிலும் இதே வகைச் சேர்மங்கள் உள்ளன. எவ்வளவு உள்ளது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாத காரணத்தால் அது நஞ்சுதான். அதைக் கைவைத்தியத்தில் சேர்க்கவே கூடாது.

இனி, இம்மருந்து இதயத்தில் என்ன செய்கிறது என்று காண்போம். இதயச் செயலிழப்பு என்றவுடன் இதயம் நின்றுவிட்டதாக எண்ண வேண்டாம். இதயம் என்னும் எக்கி தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள முடியாமல் தளர்ந்திருக்கிறது என்பதே பொருள். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் நுண்ணிய அயனி எக்கிகள் உள்ளன. அவை ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கின்றன. இவற்றை 1957இல் கண்டறிந்த டென்மார்க் அறிஞர் ஜென்ஸ் ஸ்கூ 1997இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். டிஜாக்சின் இந்த எக்கிகளில் ஒரு பகுதியை அடைத்துவிடுகிறது. செல்லினுள் சோடியம் சற்று மிகுகிறது. அதன் விளைவாகக் கால்சியம் வெளியேறுவது குறைந்து உள்ளே தங்குகிறது. தசை சுருங்குவதற்கு வேண்டியது கால்சியம்தானே? எனவே ஒவ்வொரு துடிப்பும் சற்று வலுப்பெறுகிறது.

இன்னொரு பயனும் உண்டு. சிலருக்கு இதயத்தின் மேலறைகளில் மின்துடிப்புகள் ஒழுங்கின்றி நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை எழும். அத்தனையும் கீழறைகளுக்குச் சென்றால் இதயம் நிரம்பவே நேரமிராது. இரண்டுக்கும் நடுவே ஏ.வி. கணு என்ற ஒரு வாயில் இருக்கிறது. வேகஸ் நரம்பின் வழியாக டிஜாக்சின் அந்த வாயிலை இறுக்குகிறது. கீழறைகளின் வேகம் தணிகிறது. மேலறைகளின் குழப்பம் தீருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இப்போது கணக்குக்கு வருவோம். டிஜாக்சின் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்கு இயங்குபவருக்கு அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு நாள். கணக்கு எளிதாக இருக்க 2 நாள் என்றே கொள்வோம். தினம் காலையில் ஒரு மாத்திரை. இரண்டு நாளில் பாதியாகும் மருந்து ஒரே நாளில் எவ்வளவாகும்? முக்கால் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் அரை வருமோ, அந்த எண், அதாவது 0.707.

முதல் நாள் உடலில் 1 மாத்திரை. மறுநாள் அதில் 0.71 மீதம், அதனுடன் புதிய மாத்திரை சேர்ந்து 1.71. மூன்றாம் நாள் 2.21. நான்காம் நாள் 2.56. ஏழாம் நாள் 3.11. அதற்குப் பிறகு ஏற்றம் தளர்ந்து 3.41இல் நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது? 3.41இல் ஒரு நாளைக்கு 29.3 விழுக்காடு வெளியேறுகிறது. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஒரு மாத்திரை! வரவும் செலவும் சமமாகிவிட்டன. அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் குழாய்நீர் விழுகையில், நீர் ஓரளவு உயர்ந்ததும் மட்டம் மாறாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். விழுங்கிய மருந்து முழுவதும் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. ஆனாலும் நாம் ஒப்பிட்டுப் பார்ப்பதால் கணக்கு கெடாது.

பாட்டியின் சிறுநீரகம் வயதினால் தளர்ந்து, அரை ஆயுட்காலம் 4 நாள் ஆகிவிட்டது என்று வையுங்கள். மாத்திரை அதேதான், வேளை அதேதான். ஆனால் மட்டம் நிற்குமிடம் 6.29, ஏறத்தாழ இரு மடங்கு. அங்கே போய்ச் சேரவும் நாளாகும். ஏழாம் நாள் 4.42தான் இருக்கும், மூன்று வாரம் கழித்துத்தான் 6.12ஐ எட்டும். முதல் வாரம் பாட்டி நன்றாகத்தான் இருப்பார். "மருந்து ஒத்துக்கொண்டது" என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில் மட்டம் ஓசையின்றி ஏறிக்கொண்டிருக்கும்.

ஏறினால் என்ன? இங்கேதான் இம்மருந்தின் அபாயம் இருக்கிறது. இதயச் செயலிழப்புக்கு ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருப்பதை இன்று விரும்புகின்றனர். 2ஐத் தாண்டினால் நச்சுக்குறிகள் தோன்றும் வாய்ப்பு மிகுதி. இடைவெளி அவ்வளவுதான். 1.1 இருந்தவருக்கு மேற்சொன்னபடி அரை ஆயுட்காலம் இரட்டித்தால் 2ஐத் தொட்டுவிடும். ஆகவேதான் சிறுநீரகச் சோதனையை மருத்துவர் அவ்வப்போது வலியுறுத்துகிறார். சீரத்தில் மருந்தின் அளவைப் பார்க்க, மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். அதற்குள் எடுத்தால், தசைகளுக்கு மருந்து பரவி முடியாத நிலையில், பொய்யாக உயர்ந்த அளவு கிடைக்கும்.

பொட்டாசியத்தையும் மறக்கக்கூடாது. அயனி எக்கியில் அமரும் இடத்துக்குப் பொட்டாசியமும் டிஜாக்சினும் போட்டியிடுகின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சின் கை ஓங்கும். அளவு 2ஐத் தாண்டாமலே நஞ்சாகும். இதய நோயாளிகள் பலரும் நீர் பிரிவதற்கான மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். அவற்றில் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவை. வாந்தியும் பேதியும் அப்படியே. இதில் ஒரு விஷச் சுழல் இருக்கிறது: டிஜாக்சின் மிகுந்தால் வாந்தி வரும், வாந்தியால் பொட்டாசியமும் உடல்நீரும் குறையும், அதனால் டிஜாக்சின் மேலும் கொடுமை செய்யும். அப்படியானால் நிறைய இளநீர் கொடுத்துச் சரிக்கட்டலாமே என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் மிகுவதும் இதயத்தையே பாதிக்கும். இரத்தச் சோதனை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம் இது. வேறு நோய்க்குத் தரப்படும் மருந்துகளும் கணக்கை மாற்றும்: கிளாரித்ரோமைசின், அமியோடரோன், வெராபமில் போன்றவை டிஜாக்சின் அளவை உயர்த்துவன. எந்த மருத்துவரிடம் போனாலும் டிஜாக்சின் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் மாத்திரை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடலாமா? வீடுதோறும் எழும் கேள்வி இது. நம் கணக்கே விடை சொல்கிறது. அரை ஆயுட்காலம் 2 நாள் உள்ளவருக்கு, வழக்கமாக மறுநாள் காலை மாத்திரைக்கு முன் 2.41 இருக்கும். ஒரு வேளை தவறியிருந்தால் 1.71 இருக்கும், அதாவது நூற்றுக்கு 71 பங்கு அப்படியே இருக்கிறது. பதற்றத்துக்கு இடமில்லை. மறந்தது 12 மணி நேரத்துக்குள் நினைவுக்கு வந்தால் அப்போதே போடலாம். அதற்கு மேலாகிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான ஒன்றே ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் முறை. "போட்டேனா, இல்லையா?" என்று ஐயம் வந்தாலும் இன்னொன்று போடக்கூடாது. சில மருத்துவர்கள் வாரத்தில் 5 நாள் மட்டும் கொடுத்து, 2 நாள் நிறுத்தச் சொல்வதுண்டு. "ஏதோ தவறாக எழுதிவிட்டார்" என்று நீங்களாகத் திருத்த வேண்டாம். இரண்டு நாள் நிறுத்தினாலும் பாதி உடலில் இருக்கத்தானே செய்கிறது! அதேபோல், உடம்பு தேறிவிட்டது என்று மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும் தவறு.

இவ்வளவு தொல்லையுள்ள மருந்து தேவைதானா? 1997இல் வெளியான ஓர் ஆய்வு 6800 நோயாளிகளிடம் இதைப் பார்த்தது. டிஜாக்சின் இறப்பைக் குறைக்கவில்லை. நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வதைக் குறைத்தது. இன்று இதயச் செயலிழப்புக்கு வேறு மருந்துகளே முன்வரிசையில் உள்ளன. ஆயினும் சிலருக்கு டிஜாக்சின் இன்றும் தேவைப்படுகிறது.

நச்சுக்குறிகளில் முதியோரிடம் முதலில் தெரிவது பெரும்பாலும் பசியின்மைதான். "வயசாச்சு, சாப்பாடு இறங்கவில்லை" என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். குமட்டல், தடுமாற்றம், மஞ்சள் படர்ந்த பார்வை, நாடி மிகக் குறைதல் அல்லது தாறுமாறாதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். டிஜாக்சினைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஆட்டின் இரத்தத்திலிருந்து தயாரிக்கிறார்கள். 1976 முதல் அது பல உயிர்களைக் காத்திருக்கிறது. விலை மிகுந்த மருந்தாகையால் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி மாத்திரையை வைக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

நீங்கள் செய்யக்கூடிய இரண்டு வேலைகள் உள்ளன. மாத்திரை கொடுத்தவுடன் மாதக் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு கோடு போடுங்கள். நாள் தாள் கிழிக்கும் காலண்டர் இதற்கு உதவாது. கோட்டோடு தாளும் குப்பைக்குப் போய்விடும். இரண்டாவது, நாடி எண்ணுதல். பாட்டியைச் சற்று நேரம் அமர்ந்திருக்கச் செய்து, மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர் கீழே இரு விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், எண்ணிக்கையில் ஒன்று பிசகினாலும் விடையில் நான்கு பிசகும். தாளம் தப்பித் துடிக்கும் நாடியில் பிழை இன்னும் பெருகும். பொதுவாக 60க்குக் குறைந்தால் மாத்திரை கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்பது வழக்கம். உங்கள் பாட்டிக்கு எந்த எண் என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். தேதி, நேரம், நாடி என்று மூன்று கட்டம் போட்ட ஒரு நோட்டுப் போதும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.