அடுப்பைச் சுற்றிக் கல் பதிப்போம்



சுவரில் ஒரு கல் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது எது? "சிமென்ட்" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அதே கல் அடுப்பின் அருகில் இருக்குமானால் விடை அவ்வளவு எளிதன்று. நாள்தோறும் சூடேறி, நாள்தோறும் ஆறும் கல் அது. சில ஆண்டுகளில் அத்தகைய கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதைப் பல வீடுகளில் காணலாம். அடுப்பின் முன் அமர்ந்திருப்பவர் மேல் விழுந்தால் என்னாகும்? எனவே கல் பதிப்பதற்கு முன் அதன் பௌதிகத்தைக் கற்றுக்கொள்வது நல்லது.

கணப்பும் அடுப்பும்

குளிர் நாட்டு வீடுகளில் அறையின் சுவரோடு சேர்ந்தாற்போல் கணப்பு இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய கற்பலகைகளைப் பதித்து அழகு செய்வார்கள். நம் நாட்டிலும் உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்களின் பழைய பங்களாக்களில் கணப்புகள் உண்டு.

ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில் கணப்பு எதற்கு? கரிசல் நிலத்து வெயிலே போதும்! ஆனால் அடுப்பு வேண்டுமல்லவா? 2016-இல் உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகு எரிவாயு இன்னும் பல சிற்றூர் வீடுகளுக்குச் சென்றது. எனினும் வெந்நீர் வைக்கவும் நெல் அவிக்கவும் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு வைத்திருக்கும் வீடுகள் பல. பனைமட்டையும் சீமைக்கருவேல விறகும் அதில் எரிகின்றன. அடுப்பின் பின்சுவரில் கரி படிகிறது; பூச்சு வெடித்து உதிர்கிறது. அந்தச் சுவருக்குக் கல் பதித்தால் கழுவித் துடைக்கலாம். சுவரும் நெடுநாள் நிற்கும். நமக்குக் கல் வேண்டுவது குளிர்காய்வதற்கன்று, தூய்மைக்கும் உறுதிக்குமே.

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் வீரபாண்டிய கட்டபொம்மனின் கோட்டை நினைவுக்கு வரும். இன்று நாம் காணும் நினைவுக் கோட்டை 1974-இல் அரசு எழுப்பியது. 1799-இல் ஆங்கிலேயரால் தாக்கப்பட்டதும், 1801-இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பியதும் மண் கோட்டைகளே. மண் சுவர் சிறிது நெகிழ்ந்து கொடுத்து அடியின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். கல் நெகிழாது, தாங்கும் வரை தாங்கி, பிறகு உடையும். கல்லை மண்ணோடோ செங்கல்லோடோ சேர்க்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

கல் விழுவது எடையாலா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 15 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிப்பு உள்ள கருங்கல் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கனஅளவு 450 க.செ.மீ. கருங்கல்லின் அடர்த்தி ஒரு க.செ.மீ.க்கு 2.65 கிராம். ஆகவே எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். இந்த எடையை 225 ச.செ.மீ. பரப்புள்ள ஒட்டு தாங்குகிறது. அதாவது ஒரு ச.செ.மீ.க்கு 5.3 கிராம் மட்டுமே.

நன்றாக இறுகிய சிமென்ட் கலவையின் ஒட்டுவலிமை ஒரு ச.செ.மீ.க்குச் சுமார் 5 கிலோகிராம் என்று கொள்ளலாம். தேவைப்படுவதைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! இன்னொன்றையும் கவனியுங்கள். கல்லைப் பெரிதாக்கினால் எடையும் கூடுகிறது, ஒட்டும் பரப்பும் அதே அளவில் கூடுகிறது. ஒரு ச.செ.மீ.க்கு உரிய சுமை மாறுவதில்லை. தடிப்பை மாற்றினால்தான் மாறும்.

அப்படியானால் கல் விழுவதற்கு எடை மட்டும் காரணமன்று. வேறு இரண்டு பகைவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வெப்பம், மற்றவர் நீர்.

முதற் பகைவர்: வெப்பம்

கருங்கல்லின் நீள் விரிவு எண் ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.000008, செங்கல் சுவருக்குச் சுமார் 0.000006. அடுப்பருகே 60 செ.மீ. நீளமுள்ள ஒரே கற்பலகையைப் பதித்திருக்கிறோம் என்போம். அடுப்பு எரியும்போது கல்லின் வெப்பநிலை 100 டிகிரி உயர்கிறது. பின்னாலுள்ள செங்கல் 40 டிகிரிதான் உயர்கிறது.

கல்லின் விரிவு: 600 மி.மீ. × 0.000008 × 100 = 0.48 மி.மீ.
செங்கல்லின் விரிவு: 600 மி.மீ. × 0.000006 × 40 = 0.14 மி.மீ.

வேறுபாடு 0.34 மி.மீ. பலகையின் நடுப்புள்ளி நகரவில்லை என்றால், இரு ஓரங்களிலும் கலவை 0.17 மி.மீ. பக்கவாட்டில் இழுபடுகிறது. மிகச் சிறிய நீளந்தான். ஆனால் இறுகிய கலவை ரப்பர் போல் நெகிழ்வதில்லை. ஒருநாள் தாங்கலாம், நாள்தோறும் சூடேறி ஆறும்போது ஓரத்தில் நுண்ணிய வெடிப்பு தோன்றி, மெல்ல உள்நோக்கி நகர்கிறது.

இப்போது அதே இடத்தில் 15 செ.மீ. துண்டுகள் நான்கைப் பதியுங்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் இழுப்பு 0.04 மி.மீ. அளவுதான் இருக்கும். நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! ஆனால் துண்டுகளை நெருக்கி வைத்தால் பயனில்லை. ஒன்றையொன்று தள்ளி, சேர்ந்து ஒரே பலகை போல் நடந்துகொள்ளும். எனவே துண்டுகளுக்கிடையே 6 மி.மீ. இடைவெளி விட்டு, சற்று நெகிழ்ந்து கொடுக்கும் சுண்ணாம்பு சேர்ந்த கலவையால் நிரப்ப வேண்டும். அழகுக்கென்று நாம் நினைக்கும் கோடுகள் உண்மையில் கல் மூச்சு விடுவதற்கான இடங்கள்.

சூடான கல்லின் மேல் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. முன்முகம் சட்டென்று சுருங்கும். பின்முகம் இன்னும் விரிந்த நிலையில் இருக்கும். அப்போது கல் கிண்ணம் போல் வளைய முயன்று, ஓரங்கள் சுவரை விட்டு எழும்பப் பார்க்கும். ஆறிய பிறகே கழுவுங்கள்.

இரண்டாம் பகைவர்: நீர்

ஒரு சோதனை செய்து பாருங்கள். உலர்ந்த செங்கல் ஒன்றின் மேலும் கருங்கல் ஒன்றின் மேலும் ஒவ்வொரு துளி நீர் விடுங்கள். செங்கல் மேல் விட்ட துளி நொடிகளில் மறைந்துவிடும். கருங்கல் மேல் விட்டது அப்படியே நிற்கும். செங்கல்லின் நுண்துளைகள் நுண்புழை விசையால் நீரை இழுத்துக்கொள்கின்றன. தரமான செங்கல்லே தன் எடையில் 20 விழுக்காடு வரை நீர் உறிஞ்சலாம். கருங்கல் ஒரு விழுக்காடு கூட உறிஞ்சுவதில்லை.

சிமென்ட் "காய்வதால்" இறுகுவதில்லை. நீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. உலர்ந்த செங்கல் சுவர் கலவையின் நீரைக் குடித்துவிட்டால் அந்த வினை பாதியில் நின்றுபோகும். கலவை பொடியாகிவிடும். கொத்தனார்கள் சுவரை முதலில் நனைப்பதற்கு இதுவே காரணம்.

வினை முடிந்த பிறகு எஞ்சும் நீர் தீங்கு செய்யும். 1 கிராம் நீர் 100 டிகிரியில் ஆவியானால் சுமார் 1,700 க.செ.மீ. இடத்தை அடைக்கும். கல்லின் பின்னே சிக்கிய ஈரத்தைத் திடீரென்று சூடேற்றினால் அந்த ஆவி கல்லைத் தள்ளும். ஓடையிலோ கடற்கரையிலோ கிடந்த ஈரக் கற்களை அடுப்புக்குக் கல்லாக வைத்தால் அவை வெடித்துச் சிதறுவதும் இதனால்தான்.

எந்தக் கல்?

கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் கனிமம் உண்டு. 573 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரிகிறது. எனவே தீ நேரடியாகப் படும் இடத்தில் கருங்கல் ஆகாது. கடப்பைக்கல் சுண்ணாம்புப் பாறை வகையைச் சேர்ந்தது. அதுவும் தீயின் நாக்கு படாத இடத்திற்கே ஏற்றது. சிமென்ட் கலவையும் 400 டிகிரிக்கு மேல் வலிமை இழக்கத் தொடங்கும். ஆகவே அடுப்பின் உள்வாய்க்குக் களிமண்ணும் செங்கல்லும். கல் வெளிப்புறத்திற்கு மட்டும்.

தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதியில் ஒரு காலத்தில் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை வெட்டியெடுத்து வீடு கட்டினார்கள், சுண்ணாம்பும் சுட்டார்கள். அதனை நாம் இரண்டு காரணங்களுக்காகத் தொடக் கூடாது. முதலாவது, வேதியியல் காரணம். முருகைக்கல் கால்சியம் கார்பனேட்டாலானது. கடுந்தீயில் அது கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. 100 கிராம் தூய கார்பனேட்டில் 44 கிராம் வாயுவாகப் போய்விடும். எஞ்சிய சுண்ணாம்பு ஈரம் பட்டதும் பொங்கிப் பருத்து உதிரும்.

இரண்டாவது காரணம் அதனினும் பெரியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு அரணாக நிற்பவை பவளப்பாறைகள். அவற்றை வெட்டியதும் அலை அரிப்பும் சேர்ந்து இரண்டு தீவுகளைக் கடலுக்குள் மூழ்கச் செய்துவிட்டன. 1986-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றன. ஆண்டுக்கு ஒரு செ.மீ. அளவே வளரும் ஓர் உயிர்க்கூட்டத்தின் நூறாண்டு உழைப்பை ஓர் அடுப்புச் சுவருக்காக அழிக்கலாமா?

செய்முறை

பெரியவர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். 120 செ.மீ. அகலமும் 75 செ.மீ. உயரமும் மூடுவதற்கு மேற்சொன்ன துண்டுகள் 40 வேண்டும். மொத்த எடை 48 கிலோகிராம்.

1. சுவர் செங்கல்லால் ஆனதா என்று பாருங்கள். மண் சுவரில் சிமென்ட் ஒட்டாது. அதன் முன்னே தனி அடித்தளத்தின் மேல் அரைச் செங்கல் தடிப்பில் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ள வேண்டும். கரிசல் மண் நனைந்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். அதனால் அடித்தளக் குழியில் மணலும் சரளையும் இட்டு இறுக்குங்கள்.

2. கரியையும் தூசியையும் பழைய பூச்சையும் சுரண்டி எடுங்கள். கல்லுக்கும் கலவைக்கும் இடையே தூசிப் படலம் இருந்தால் ஒட்டு தூசியோடுதான். கல்லின் பின்முகம் வழவழப்பாக இருந்தால் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள்.

3. சுவரை நன்றாக நனையுங்கள். நீர் வழியக் கூடாது. ஈரமாக இருந்தால் போதும்.

4. சிமென்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு கலந்து கெட்டியாகக் குழையுங்கள். தூத்துக்குடி வட்டாரத்தில் உள்ளவர்கள் கடல்மணலைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும்.

5. அடிவரிசைக்குக் கீழே மட்டமான கட்டையொன்றைத் தாங்கலாக வையுங்கள். கல்லின் பின்முகத்தில் சிமென்ட் பால் தடவி, முழுப்பரப்பிலும் 1 செ.மீ. கலவை அப்பி, அழுத்திப் பதியுங்கள். ரசமட்டத்தாலும் தூக்குக்குண்டாலும் சரி பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை போதும்.

6. மறுநாள் ஒவ்வொரு கல்லையும் நாணயத்தால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் ஒட்டு முழுமையானது. பொள்ளலாக ஒலித்தால் பின்னே காற்றறை இருக்கிறது. கழற்றி மீண்டும் பதியுங்கள்.

7. இடைவெளிகளை நிரப்பிய பின் ஏழு நாள் ஈரமாக வைத்திருங்கள். அதன்பின் மூன்று வாரம் உலர விடுங்கள். முதல் தீ சிறு தீயாக இருக்கட்டும்.

கல் வெட்டும்போது நீர் தெளித்துக்கொண்டே வெட்டுங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கண்ணாடி அணியுங்கள். சிமென்ட் கலவை தோலை அரிக்கும், கையுறை வேண்டும்.

ஒரு தவறான எண்ணம்

"கல் பதித்துவிட்டால் சூடு பின்னால் போகாது" என்று பலர் நினைக்கிறார்கள். இது உண்மையன்று. கருங்கல்லின் வெப்பங்கடத்தும் திறன் செங்கல்லினுடையதைப் போல் மூன்று, நான்கு மடங்கு. பின்னால் பனையோலைத் தட்டியோ மரச்சட்டமோ இருந்தால் கல் அதைக் காப்பாற்றாது. வெளியே பார்வைக்கு நன்றாக இருக்க, உள்ளே மரம் மெல்லக் கருகிக்கொண்டிருக்கும். அத்தகைய இடத்தில் கல் பதிக்காதீர்கள்; அடுப்பையே தள்ளி வையுங்கள்.

கல் வெப்பத்தைத் தேக்கியும் வைக்கும். நம் 48 கிலோகிராம் கல் 50 டிகிரி சூடேற ஏறத்தாழ 480 கிலோகலோரி வேண்டும். அது 130 கிராம் விறகின் வெப்பம். தீ அணைந்த பின் கல் அதைத் திருப்பித் தரும். உதகையில் அது வரவு. பாஞ்சாலங்குறிச்சியில் சித்திரை மாதத்தில் அது சுமை.

கல் புகையையும் போக்காது. அதற்குப் புகைபோக்கி வேண்டும். 1950-களில் ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். 1983-இல் நடுவண் அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கெனத் தேசியத் திட்டம் தொடங்கியது. 3 மீட்டர் உயரக் குழாயில் 150 டிகிரி புகை இருந்தால் கிடைக்கும் இழுப்பு 1 மி.மீ. நீர்த்தம்பத்தின் அழுத்தந்தான். அவ்வளவு மெல்லிய இழுப்பு! அழகுக்காக ஒரு கல்லைத் துருத்திவைத்து அடுப்பின் காற்றுவாயைக் குறுக்கினாலும் புகை அம்மாவின் கண்ணுக்கே திரும்பும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. கல்லின் தடிப்பை 4 செ.மீ. ஆக்கினால் ஒரு ச.செ.மீ. ஒட்டின் மேல் சுமை எவ்வளவு?

2. 30 செ.மீ. துண்டுகளைப் பதித்தால், மேற்சொன்ன வெப்பநிலைகளில் ஓரத்தின் இழுப்பு எவ்வளவு?

3. உங்கள் வீட்டு அடுப்புச் சுவரை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் கற்கள் எத்தனை? அவை தீக்கு அருகில் உள்ளனவா, தொலைவில் உள்ளனவா? அப்படி ஒரு கல் தலைக்கு மேல் இருக்கக் கண்டால், விடையை எழுதுவதற்கு முன் வீட்டில் சொல்லிவிடுங்கள்.